கொச்சிக் கடலோரமும் தேக்கடி ஏரியும்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஃபோர்ட் கொச்சியையும் தேக்கடியையும் சேர்த்து ஒரு பயணம் போகலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது "எந்தக் கிழமை கிளம்புகிறீர்கள்?" என்றுதான். விடுதி, வண்டி, சாப்பாடு எல்லாவற்றையும் அங்கே போய்க்கூடச் சரிசெய்துகொள்ளலாம். கிழமை தப்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நான் முதல்முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் போய் நின்றபோதுதான் வெள்ளிதோறும் விடுமுறை என்று தெரிந்தது. சரி, யூதர்களின் ஜெபாலயத்தையாவது பார்க்கலாம் என்று நடந்தால், அதை வெள்ளி மதியத்தோடு மூடிவிடுகிறார்கள். சனிக்கிழமை முழுக்கத் திறப்பதில்லை. மறுநாள் தேக்கடியில் வார இறுதிக் கூட்டம், படகுச் சீட்டு தீர்ந்துபோயிருந்தது. மூன்று நாள் அலைந்தும் நினைத்ததில் பாதியைத்தான் பார்த்தேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலேறுங்கள். திங்களும் செவ்வாயும் கொச்சி, புதன் மலைப்பயணம், வியாழன் காலை ஏரி. நான்கு பகல், மூன்று இரவு. காட்டுக்குள் நடக்கவும் ஆசை இருந்தால் தேக்கடியில் இன்னோர் இரவு சேர்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு கிடைக்குமென்றால் சேர்ப்பதே நல்லது.

எந்த மாதம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. இடுக்கி மலைப்பாதைகளில் மண்சரிவு வரும் காலம் அது. முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம். ஐப்பசி மழையும் அந்த மலைக்கு உண்டு. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் நடக்க இதமான மாதங்கள்.

யானை பார்ப்பதுதான் முக்கியம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். மழை முடிந்த கையோடு போனால் ஏரி தளும்பி மரங்களின் காலடி வரை நிற்கும். கரை என்று ஒன்றே இருக்காது. பிப்ரவரிக்குப் பிறகு நீர்மட்டம் இறங்க இறங்க, விலகிய ஈர மண்ணில் இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் ஓடைகளும் வற்றும். அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும்தான் விலங்குகள் கரைக்கு இறங்கி வருகின்றன. மார்ச், ஏப்ரலில் வாய்ப்பு அதிகம் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் அந்த மாதங்களில் கொச்சி புழுங்கித் தள்ளும். இரண்டுக்கும் நடுவே பிப்ரவரிக் கடைசியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

முதலில் கடல், அப்புறம் மலை

வரிசையை மாற்றாதீர்கள். ரயிலில் எர்ணாகுளம் போய், கொச்சி பார்த்து, தேக்கடியை ஒட்டிய குமுளிக்கு மலையேறி, அங்கிருந்து கம்பம், தேனி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கிவிடுங்கள். வந்த வழியே கொச்சிக்குத் திரும்பினால் ஒரு பகல் முழுக்கப் பேருந்திலேயே போய்விடும்.

இந்த இரண்டு ஊரையும் இணைப்பது ஒரே ஆறு, பெரியாறு. தேக்கடி ஏரி அந்த ஆற்றைத் தடுத்து உண்டானது. அதே ஆறுதான் கீழே ஆலுவாவில் பிரிந்து கொச்சிக் காயல் பக்கம் வருகிறது. 1341-ல் இந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம், சங்கப் பாடல்களில் வரும் முசிறித் துறைமுகத்தை மண்ணால் தூர்த்துவிட்டுக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கொச்சி என்ற துறைமுகமே பெரியாறு கொடுத்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் நான்கு நாளும் ஒரே பயணமாக இருக்கும்.

எர்ணாகுளத்தில் இறங்கியதும்

இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஜங்ஷனை ஊர்க்காரர்கள் சவுத் என்பார்கள், டவுனை நார்த் என்பார்கள். உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள். எதில் இறங்கினாலும் ஆட்டோ பிடித்து "போட் ஜெட்டி" என்று சொல்லுங்கள். சுபாஷ் பூங்காவை ஒட்டிய அந்தப் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் ஃபோர்ட் கொச்சிக்கு ஓடுகின்றன. சாலை வழியே போனால் பாலங்களைச் சுற்றிக்கொண்டு நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும். படகில் இருபது நிமிடம்தான், கட்டணமும் மிகக் குறைவு.

இன்னொரு வழி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகலாம். குளிரூட்டிய படகு, சத்தம் குறைவு. ஒரு படகில் நூறு பேருக்குமேல் ஏற்றுவதில்லை, அதனால் மாலை நேரத்தில் வரிசை நீண்டுவிடும். காலையில் போங்கள். நான் இரண்டிலும் போயிருக்கிறேன். பெட்டி படுக்கையோடு வாட்டர் மெட்ரோ வசதி; காற்று முகத்தில் அடிக்க வேண்டுமென்றால் பழைய படகு.

தங்குமிடத்தை ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே, பரேடு மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். எர்ணாகுளத்தில் மலிவாக அறை கிடைக்கும்தான். ஆனால் இந்த ஊரின் நல்ல நேரம் விடிந்து இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

முதல்நாள் அதிகம் திட்டம் போடாதீர்கள். மதியம் தூங்கி எழுந்து, மாலையில் கடலோர நடைபாதையில் நடங்கள். கப்பல்கள் மிக அருகில் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்க்கலாம். கடலில் இறங்கிக் குளிக்க ஏற்ற இடம் இது அல்ல. கரையெல்லாம் பாறை, பக்கத்திலேயே கப்பல் போகும் வழி. இரவுக்குமுன் கதகளி பார்ப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாமல் ஒப்பனை தொடங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஒரு மனிதர் கண்முன்னே மெல்ல மெல்ல இன்னொருவராக மாறுவதைப் பார்த்த பிறகு ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

விடிகாலை, சீன வலைகள்

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கெல்லாம் கடற்கரையில் இருங்கள். சீன வலை என்பது கரையிலேயே நாட்டிய பெரிய மரச்சட்டம். நுனியில் வலை, மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கனத்த கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால், கற்களின் எடை வலையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடும். சில நிமிடம் மூழ்கவிட்டு மறுபடி இழுப்பார்கள். சீன வணிகர்கள் வழியாக வந்தது என்பது ஊர்ப்பேச்சு. போர்த்துக்கீசியர் மக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு.

மேடைமேல் ஏறுவதற்குமுன் கேட்டுவிட்டு ஏறுங்கள். கயிறு இழுக்க அழைத்தால் போய் இழுங்கள். பிறகு அவர்கள் பணம் எதிர்பார்ப்பார்கள், மனதாரக் கொடுங்கள். ஒரு முறை இழுத்ததில் சில மீன்கள் மட்டும் வருவதை அருகிலிருந்து பார்த்தால், அந்தப் பணம் அவர்களுக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்று புரியும். மழைக்காலத்துக்குப் பிறகு காயலிலிருந்து ஆகாயத்தாமரை அடித்துவந்து வலையெல்லாம் சிக்கிக்கொள்வதால் அந்தக் காலத்தில் பிடிப்பு இன்னும் குறைவு.

அங்கிருந்து தூங்குமூஞ்சி மரங்களின் நிழலிலேயே நடந்து புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு வரலாம். 1503-ல் போர்த்துக்கீசியர் மரத்தில் கட்டி, பின்னர் கல்லில் எழுப்பியது. 1663-ல் டச்சுக்காரர் கைக்கும், 1795-ல் ஆங்கிலேயர் கைக்கும் ஊரோடு சேர்ந்து இதுவும் மாறியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் கம்பிவேலிக்குள் இருக்கிறது. தலைக்குமேல் தொங்கும் பழைய துணி விசிறிகளைப் பார்க்க மறக்காதீர்கள்; வெளியே நின்று கயிற்றை இழுத்து வீச ஆள் வைத்திருந்த காலத்தவை.

அடுத்தது, பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் விட்டுவிடும் இடம். தமிழர்கள் விடவே கூடாது. வெளி என்ற பகுதியில் இருக்கும் தோபிகானா. அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் காயப்போடும் திடல். துணியைக் கிளிப் போட்டு மாட்டுவதில்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிட்டால் காற்றுக்கும் அசையாது. காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். வணக்கம் சொல்லித் தமிழில் பேசுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த மரியாதை வேண்டும்.

மட்டாஞ்சேரி

ஃபோர்ட் கொச்சியிலிருந்து பஜார் ரோடு வழியாக நடந்தே போய்விடலாம். வழியெங்கும் பழைய கிடங்குகள், சுக்கு, மிளகு வாசனை. ஆட்டோவில் போனால் ஏறும்போதே "கடை எதுவும் வேண்டாம், நேராகப் போங்கள் சேட்டா" என்று இதமாகச் சொல்லிவிடுங்கள். மிகக் குறைந்த வாடகைக்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், நடுவே நாலு கடை வரும். உங்களை அழைத்துப் போவதற்குக் கடைக்காரர் கமிஷன் கொடுப்பார்.

அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொன்னாலும் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள், டச்சுக்காரர் பின்னர் புதுப்பித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுவீடு மாதிரிதான் இருக்கும். அரசரின் படுக்கையறைச் சுவர்களில் இராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான், கண்ணால் நிதானமாகப் பார்ப்போம்.

யூதர்களின் பரதேசி ஜெபாலயம் அங்கிருந்து சில நிமிட நடை. கட்டியது 1568-ல். தரையில் பதித்திருப்பவை சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையில் போக வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மூடிவிடுவார்கள். ஆகவே காலையில் முதலில் ஜெபாலயம், பிறகு அரண்மனை என்று வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதர்களின் பண்டிகை நாட்களிலும் திறப்பதில்லை. 1948-க்குப் பிறகு இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தெரு மட்டும் இன்னும் யூதத் தெரு.

சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் தயங்க வேண்டாம். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சிய குடிநீர் அது. ஏலக்காய், மிளகு வாங்குவதைக் குமுளிக்கு ஒத்திவையுங்கள். விளையும் மலையிலேயே வாங்கலாம்.

மலைக்குப் போகும் நாள்

எர்ணாகுளத்திலிருந்து குமுளிக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு, ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும். நான் விரும்பும் வழி, காலை ரயிலில் கோட்டயம் போய், அங்கிருந்து குமுளிப் பேருந்து பிடிப்பது. நகர நெரிசல் தப்பும், கோட்டயத்திலிருந்து பேருந்துகளும் அடிக்கடி கிடைக்கும். காஞ்சிரப்பள்ளி, முண்டக்கயம் வரை ரப்பர்த் தோட்டங்கள். முண்டக்கயம் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். குட்டிக்கானம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என்று போகப் போகத் தேயிலையும் மூடுபனியும். வளைவுகள் அதிகம். தலைசுற்றல், வாந்தி வருகிறவர்கள் முன்பக்க இருக்கையில் உட்காருங்கள், முண்டக்கயத்தில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

இருட்டுவதற்குமுன் குமுளி சேரும்படி கிளம்புங்கள். போய்ச் சேர்ந்த அன்றே மறுநாள் காலைக்கான ஏற்பாட்டை முடித்துவிடுங்கள்.

ஏரி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குமுளி என்பது ஊர்; தேக்கடி என்பது அதை ஒட்டிய காட்டு வாசலும் படகுத்துறையும்; பெரியாறு என்பது காப்பகத்தின் பெயர். 925 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம் அது. அதன் நடுப்பகுதிதான் 1982-ல் தேசியப் பூங்காவானது. நாம் படகில் போவது ஏரியின் ஒரு கை வரைக்கும்தான்.

படகுகள் காலை 7.30, 9.30, 11.15, பிற்பகல் 1.45, 3.30 என ஐந்து வேளை. ஒன்றரை மணி நேரப் பயணம். போவது என்றால் 7.30 படகு, அது கிடைக்காவிட்டால் 3.30. நடுப்பகலில் விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். சீட்டைக் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பே எடுங்கள். நேரமும் கட்டணமும் மாறியிருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

காலையில் பலர் தவறவிடுவது இங்கேதான். சொந்த வண்டியைப் படகுத்துறை வரை விடமாட்டார்கள். ஆனவாச்சலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். நுழைவுச்சீட்டு தனி, படகுச்சீட்டு தனி. பேருந்திலிருந்து இறங்கி மறுபடி கொஞ்சம் நடை. நான் ஒருமுறை "பக்கம்தானே" என்று ஏழு மணிக்குக் கிளம்பி, துறைக்குப் போய்ச் சேரும்போது படகு நடு ஏரியில் இருந்தது. ஆறேகாலுக்கெல்லாம் ஆனவாச்சலில் இருங்கள்.

படகில் உயிர்காப்புச் சட்டையைப் பயணம் முடியும்வரை கழற்றாதீர்கள். விலங்கைப் பார்த்தாலும் இருக்கையை விட்டு எழுந்து ஒரு பக்கமாக ஓடாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இன்றைய கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் அந்த மாலை இருக்கிறது. ஊழியர் ஒருவர் "உட்காருங்கள்" என்று அதட்டினால் கோபப்படாமல் உட்காருங்கள்.

என்ன தெரியும்? புலி தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படகிலிருந்து அதைக் காண்பது மிக அரிது. மிளா, காட்டுமாடு, காட்டுப்பன்றி, நீர்நாய்க் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் குட்டியோடு யானைகள். தண்ணீருக்குமேல் கறுத்து நிற்கும் மொட்டை மரங்களைப் பாருங்கள். 1895-ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து நீரைத் தேக்கியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. நூறு வருஷத்துக்குமேல் ஆகியும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். யானை வராத நாளிலும் இந்தக் காட்சி ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

காட்டுக்குள் நடக்க

படகு மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் காட்டை வாசலில் நின்று பார்த்த மாதிரிதான். வனத்துறை நடத்தும் காலை நடை ஏறக்குறைய மூன்று மணி நேரம், சிறு குழுவாக வழிகாட்டியோடு. கால் பலம் உள்ளவர்கள் ஒரு நாள் முழுக்க நடையும் மூங்கில் தெப்பமுமாகப் போகலாம். ஆயுதம் ஏந்திய வனக்காவலர் கூட வருவார். வழிகாட்டிகளில் மன்னான், பளியர் பழங்குடியினர் பலர். முன்பு இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை என்ற காட்டு இலவங்கப்பட்டையை உரித்தவர்கள் சிலரும் இன்று காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். ஒரு கீறலைக் காட்டி எந்த விலங்கு, எப்போது போனது என்று அவர்கள் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள்.

பச்சை, காக்கி, மண் நிற உடை, முழுக்கால் சட்டை, நல்ல பிடிப்புள்ள காலணி. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுக்கு உறை தருவார்கள், ஈரமான மாதங்களில் கட்டாயம் மாட்டுங்கள். பேச்சைக் குறையுங்கள். பிளாஸ்டிக் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்துவாருங்கள், பெரிய கேமராவைவிட அது உதவும். டிசம்பர், ஜனவரி என்றால் ஒரு ஸ்வெட்டர்.

குமுளித் தெருவில் ஜீப் சஃபாரி என்று அழைப்பார்கள். எந்த இடத்துக்கு, எவ்வளவு தூரம், காப்பகத்துக்குள்ளா வெளியேயா என்று கேட்டுத் தெளிந்த பிறகே ஏறுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பகத்துக்குள் மலைமேல் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான் பொதுமக்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறுவார்கள். கூட்டம் மிக அதிகம். அன்று கண்ணகி கோயிலுக்கு மட்டும் போங்கள், ஏரியை வேறு நாளுக்கு வையுங்கள்.

கீழே இறங்கும்போது

குமுளியில் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டி நடந்தால் தமிழகப் பேருந்துகள் நிற்கும். தேனிக்கு இரண்டு மணி நேரம், மதுரைக்கு நான்கு மணி நேரம். தேனியிலிருந்து மதுரைக்கு ரயிலும் இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் தெரியும். நீங்கள் காலையில் படகில் போன அதே ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, அந்தக் குழாய்களில் இறங்கி மின்சாரம் கொடுத்துவிட்டு, வைகையைச் சேர்ந்து மதுரை, இராமநாதபுரம் வரை போகிறது. அடிவாரத்தில் லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. அரை மணி நேரம் இறங்கிப் பாருங்கள். அங்கிருந்து கம்பத்துக்கு அடுத்த பேருந்து வந்துவிடும்.